யார் வந்திருக்கீங்க?

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸ் பிள்ளைகள் கூப்பிட்டிருந்தார்கள். வேளச்சேரியில் ஏதோ ஒரு மாடியில் குளுகுளு ஹால். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு ஒரு சால்வை, ஒரு சாம்பார் வடை, பத்து நிமிடப் பேச்சு. எனக்கு முன்னால் பேசிய பையன் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். திறந்ததும் நாலைந்து பெயர்கள் வந்து, யார் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டது. பெயரைத் தொட்டால் அவரவருக்குப் பிடித்த கட்டங்கள், அவரவர் வைத்த இடத்தில். "ஒரே அக்கவுன்ட், ஆளுக்கொரு டேஷ்போர்டு. அமெரிக்காக்காரன் மூளையே மூளை!" என்றான்.

எனக்கு வடை தொண்டையில் சிக்கிக்கொண்டது. மைக் கைக்கு வந்ததும் முதல் வார்த்தையே, "தம்பி, அது தி.நகர் மூளை" என்றேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. மேடம் நன்றாக ஜோக் அடிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற கதையா அது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தற்பெருமை என்று யாராவது சொன்னால் தாராளமாகச் சொல்லட்டும். என் பெருமையை நான் பேசாமல் பக்கத்து வீட்டுக்காரி வந்தா பேசுவாள்?

படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். பி.எஸ்சி. கணக்கு. பாண்டி பஜார் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கோர்ஸ். ஒரு உரக் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடும் ப்ரோகிராம். நடுவில் கல்யாணம், ஆதம்பாக்கத்தில் குடித்தனம். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஊரெல்லாம் இன்டர்நெட் இன்டர்நெட் என்று பறந்தபோது, நானும் உரத்தை உதறிவிட்டு சார்லஸ் சார் ஆபீசில் சேர்ந்தேன்.

ஆபீஸ் என்றால் தி.நகர் உஸ்மான் ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷின் நாள் முழுக்க டிர்ர்ர் என்று கத்திக்கொண்டிருக்கும். சார்லஸ் சார் சாந்தோம்காரர். பத்திரிகை ஒன்றில் பல வருடம் செய்திகளை அடுக்கிப் பக்கம் கட்டும் வேலை பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு நடந்துவிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல்ல எது தப்புன்னு பார்ப்போம்மா. யார் தப்புன்னு அப்புறம் சாவகாசமா பார்த்துக்கலாம்" என்பார். அந்தச் சாவகாசம் ஒருநாளும் வந்ததில்லை.

எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை தாமோதரன் என்கிற ஊறுகாய்க் கம்பெனி முதலாளியுடையது. அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும், எல்லாச் சமாசாரமும் ஒரே இடத்தில் கிடைக்கிற போர்ட்டல் ஆரம்பிப்பார்கள். நானே கேட்டேன், ஊறுகாய்க்கு எதற்கு சார் இவ்வளவு பெரிய வெப்சைட் என்று. "இன்னாம்மா இப்படிக் கேட்டுட்டே? ஊறுகா இலையில ஓரமா கீது. நான் முழு இலையும் போடப்போறேன். சாப்புட வர்றவன் ஊறுகாய தொட்டுக்காமயா பூடுவான்?" என்றார். மனுஷன் பேச்சில் உப்பும் காரமும் சரியாக இருக்கும்.

முழு இலை என்று அவர் சொன்னது இதுதான். செய்தி, பஞ்சாங்கம், கிரிக்கெட் ஸ்கோர், சமையல் குறிப்பு, சபா கச்சேரி, தங்கம் விலை, எந்த ஊர் வேண்டுமோ அந்த ஊர் வானிலை. ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. எந்தப் பெட்டி வேண்டும், எங்கே வேண்டும் என்பதைப் பார்க்கிறவரே வைத்துக்கொள்ளலாம். அதற்கு 'என் பக்கம்' என்று பெயர் வைத்தது நான். கட்டும் பொறுப்பையும் சார்லஸ் சார் என்னிடமே கொடுத்தார். துணைக்கு முரளி. கைவேலையில் கெட்டிக்காரன், வாய் அதைவிடக் கெட்டி.

சார்லஸ் சாரின் முறை விசித்திரம். கம்ப்யூட்டரைத் தொட விடமாட்டார். சார்ட் பேப்பரில் பெட்டிகளைக் கத்தரித்து மேஜைமேல் பரப்பி, "கையால நகர்த்துங்க. பஞ்சாங்கத்தை மேல கொண்டு போனா அங்க இருந்த செய்தி எங்க போகும்? கீழயா, பக்கத்துலயா?" என்று கேட்பார். பதில் சொல்ல முடியவில்லை என்றால் ப்ரோகிராமும் எழுத முடியாது என்று அர்த்தம். இரண்டு வாரம் பேப்பரைத்தான் நகர்த்தினோம். கீழே கடைக்கு வருகிறவர்கள் படியேறி எட்டிப் பார்த்திருந்தால், மூன்று பெரியவர்கள் தாயக்கட்டை ஆடுகிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

இப்போதுபோல் மவுசால் பிடித்து இழுத்துப் போடுகிற சுகமெல்லாம் அப்போது இல்லை. ஒரு ப்ரௌசரில் ஓடியது இன்னொன்றில் படுத்துவிடும். அதனால் பெட்டிக்குப் பெட்டி சின்ன அம்புக்குறிகள் வைத்தோம். ஆனால் அம்பை ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் பக்கம் முழுவதும் டெலிபோன் லைனில் திரும்ப வரவேண்டும். ஜனங்கள் பொறுப்பார்களா? அதனால் அடுக்குவதற்கென்று பெட்டிகளின் பெயர் மட்டும் உள்ள லேசான ஒரு பக்கம் செய்தோம். அங்கே எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு பட்டன். அதில் 'சமர்ப்பி' என்று போட்டிருந்தான் முரளி. "இது என்ன, சாமிக்குத் தேங்காயா?" என்று கேட்டு 'ஆச்சு' என்று மாற்றினேன்.

இன்னொரு விதியும் சார்லஸ் சாருடையது. ஒரு பெட்டி செத்தாலும் பக்கம் சாகக்கூடாது. கிரிக்கெட் ஸ்கோர் வரத் தாமதமானால் பஞ்சாங்கம் ஏன் காத்திருக்க வேண்டும்? மொத்தத்தையும் ஒரே அட்டவணையாகக் கட்டினால் கடைசிப் பெட்டி வரும்வரை திரை வெள்ளையாகவே கிடக்கும். நாங்கள் பெட்டிக்கு ஒரு அட்டவணையாக வெட்டிக் கட்டினோம். வந்தது வந்தபடி கண்ணுக்குத் தெரிந்தது. முதல்முறை அது ஓடியபோது நான் வாய்விட்டுக் கத்தியதில் கீழே பெயர் வெட்டும் மெஷினே நின்றுவிட்டது.

ஜாம் ஜாம் என்று ஆரம்பித்தோம். ஒரு மாதம் கழித்துப் புகார்கள் வர ஆரம்பித்தன. எல்லாப் புகாரும் ஒன்றேதான். நான் வைத்த பெட்டி வைத்த இடத்தில் இல்லை, தானாக நகர்கிறது. அதிலும் மயிலாப்பூரில் வரதராஜன் என்று ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் அழகான ஆங்கிலத்தில் மெயில் போட்டிருந்தார். தன் பஞ்சாங்கத்தைக் கிரிக்கெட் விழுங்கிவிட்டதாகவும், இது பண்பாட்டின் வீழ்ச்சி என்றும்.

தாமோதரன் படியேறி வந்தார். "இன்னா சார்லஸ் சார் இது? பொட்டி தானா நகருதாம். ஆவி கீவி பூந்துக்கிச்சா? என் ஊறுகா பேரைக் கெடுக்கிறீங்களே நைனா! தீவாளி வரைக்கும் பாப்பேன். சரியாவல, இந்த என் பக்கமும் வாணாம், உங்க ஆபீசும் வாணாம். பெங்களூர்ல ஒருத்தன் ரெடியா கீறான்."

தாமோதரன் வேலை போனால் எங்கள் இரண்டு அறைக்கும் பூட்டுதான் என்று மூன்று பேருக்கும் தெரியும். எனக்கு அதைவிட இன்னொன்று உறுத்தியது. அது நான் கட்டிய பக்கம். அதைப் போய் ஆவி புகுந்தது என்கிறார்களே!

முரளியும் நானும் ப்ரோகிராமை வரிவரியாகப் பிரித்தோம். பெட்டியை வைத்தோம், வெளியே வந்தோம், திரும்பப் போனோம். கரண்ட்டைப் பிடுங்கிப் பார்த்தோம். பாதியில் லைனைத் துண்டித்துப் பார்த்தோம். வைத்தது வைத்த இடத்தில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. "நகர மாட்டேங்குது அக்கா. நகர்ந்தாத்தானே பிடிக்கலாம்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான் முரளி.

"இங்க நகராதது அங்க நகருதுன்னா, அங்கதான் போய்ப் பார்க்கணும். அந்த ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போயிட்டு வாங்கம்மா" என்றார் சார்லஸ் சார்.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வரதராஜன் மாமாவே கதவைத் திறந்தார். "வாங்கோ வாங்கோ. கம்ப்யூட்டர் ஹால்லதான் இருக்கு. நீங்களே கண்ணால பாருங்கோ" என்று அழைத்துப் போனார். பூப்போட்ட துணி போர்த்தி, டெலிபோனுக்குப் பக்கத்தில் சுவாமி படம் மாதிரி வைத்திருந்தார்கள். டெலிபோன் லைனைப் பிடிக்க மோடம் கூவி முடித்துப் பக்கம் வந்தது. முதலில் சமையல் குறிப்பு, அதன் கீழே கிரிக்கெட். பஞ்சாங்கம் எங்கேயோ அடியில்.

"பாத்தேளா? நேத்து சாயந்திரம் நான் பஞ்சாங்கத்தை உச்சியில வெச்சேன். காலம்பற எழுந்துண்டு பார்த்தா இந்தக் கோலம்!" என்றார் மாமா.

உள்ளேயிருந்து காப்பியோடு வந்த அவர் மனைவி ருக்மிணி மாமி திரையைப் பார்த்தார். "ஏன்னா, சமையலை மேல வெச்சது நான்தான்."

"நீயா? உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"நன்னா கேட்டேள். நீங்க தூங்கினப்புறம் அது சும்மாவா கிடக்கும்? ரசப்பொடி குறிப்பு அடியில போய் மாட்டிண்டிருந்தது. மேல கொண்டு வந்தேன்."

அறைக்குள்ளிருந்து அவர்கள் மகன் ரமேஷின் குரல் வந்தது. "அம்மா, கிரிக்கெட்டைக் கீழ தள்ளினது நீதானா? நான் டெய்லி மேல ஏத்திண்டிருக்கேன்!" மருமகள் உஷா கச்சேரிப் பெட்டியைத் தேடித் தேடி அலுத்துவிட்டதாகச் சொன்னாள். பேத்தி, ஜோக் பெட்டியை யார் எடுத்தது என்று கேட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆவியாவது பேயாவது! ஐந்து பேரும் ஒரே ஐடி, ஒரே பாஸ்வேர்டு. ஒருவர் அடுக்கியதை அடுத்தவர் கலைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் தெரியாமல்.

"ஆளுக்கு ஒரு ஐடி எடுத்துக்கலாமே மாமா?" என்று கேட்டேன்.

மாமா என்னைப் பாடம் படிக்காத மாணவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஆத்துக்கு ஒரு ரேஷன் கார்டு. ஒரு கேஸ் கனெக்ஷன். ஒரு டெலிபோன். இது மட்டும் எப்படி ஆளுக்கு ஒண்ணு?"

நியாயம்தானே? இதுநாள்வரை இந்த ஊரில் எது ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள்?

கிளம்பும்போது மாமி மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, நியூஜெர்ஸி வெதர்னு ஒரு பெட்டி வெச்சேன். அது மட்டும் வெக்க வெக்கக் காணாமப் போறது. எங்க பொண்ணு வசந்தா அங்கதான் இருக்கா. பனி கொட்டறதா, வெயில் அடிக்கறதான்னு தெரிஞ்சுண்டா ஒரு திருப்தி."

மாமா பேப்பரை மடித்துக்கொண்டே, "மெட்ராஸ்ல உக்காந்துண்டு நியூஜெர்ஸி வெதர் எதுக்குன்னு நான்தான் எடுத்துண்டிருந்தேன்" என்றார். மாமி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

ஆபீசில் சொன்னதும் முரளி குதித்தான். "தப்பு நம்மளோடது இல்ல! அப்பாடா! எல்லாரும் தனித்தனி ஐடி எடுங்கன்னு பெருசா ஒரு நோட்டீஸ் போட்டுடலாம் சார்."

"யாரு படிப்பாங்க? ஜனங்க பழக்கத்தை மாத்தறது சுலபமா, நாம கட்டினதை மாத்தறது சுலபமா?" என்று கேட்டார் சார்லஸ் சார்.

"ரெண்டும் கஷ்டம் சார்."

அந்த நேரம் பார்த்துக் கீழே பெயர் வெட்டும் மெஷின் டிர்ர்ர் என்றது. யாரோ புது டம்ளர்களில் வீட்டார் பெயரை வெட்டச் சொல்லி நின்றிருப்பார்கள். எனக்குச் சட்டென்று புரிந்தது. "சார், ரேஷன் கார்டு வீட்டுக்கு ஒண்ணுதான். ஆனா டம்ளர் ஆளுக்கு ஒண்ணு இருக்கே!" என்றேன். "ஐடி ஒண்ணாவே இருக்கட்டும். உள்ள வந்ததும் பேரைக் கேட்போம். பேரைத் தொட்டா அவங்க பக்கம். அடுத்தவங்க பேரைத் தொட்டா அடுத்தவங்க பக்கம்."

சார்லஸ் சார் மேஜை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். அதுதான் அவருடைய சபாஷ்.

பேப்பரில் பெயர்களைக் கத்தரித்துப் பரப்பினோம். என்ன கேட்பது என்பதிலேயே ஒரு நாள் போயிற்று. 'நீங்கள் யார்?' என்றால் போலீஸ் ஸ்டேஷன். 'தங்கள் பெயர்' என்றால் தாலுகா ஆபீஸ். வாசலில் சத்தம் கேட்டால் வீட்டுக்குள்ளிருந்து நாம் என்ன கேட்போம்? 'யார் வந்திருக்கீங்க?' அதையே போட்டேன்.

பெயர்களின் வரிசையில்தான் சண்டை. குடும்பத் தலைவர் பெயர் முதலில், ரேஷன் கார்டு மாதிரி என்றான் முரளி. "மாமியும்தான் தினம் திறக்கறாங்க, முதல் இடம் மாமாவுக்கா? அதெல்லாம் கார்டோட போகட்டும்" என்று பிடித்துக்கொண்டேன். சார்லஸ் சார் பேப்பர்களை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "கடைசியா யார் வந்தாங்களோ அவங்க பேரு முதல்ல. அவங்கதான் சீக்கிரம் திரும்பி வருவாங்க. தேடாம தொடலாம்" என்றார். ஒரு வரிசையில் ஐந்து பெயர் அடங்கியது. சரி, வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டோம்.

தீபாவளி நெருங்கிவிட்டது. முடித்துவிட்டோம் என்றதும் தாமோதரன் ஆபீசில் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். "உங்க ஆபீஸ்ல எல்லாம் நல்லாத்தான் ஓடும். எந்த வூட்ல கம்ப்ளெயின்ட் வந்துச்சோ அந்த வூட்லயே காட்டு."

அப்படியாக மயிலாப்பூர் ஹாலில் எல்லாரும் கூடினோம். மாமி தட்டு நிறையத் தேங்குழல் கொண்டுவந்து வைத்தார். மோடம் கூவி முடிக்கும்வரை நான் வேண்டாத தெய்வமில்லை. பக்கம் வந்தது. 'யார் வந்திருக்கீங்க?'

மாமா தன் பெயரைச் சேர்த்துப் பஞ்சாங்கத்தை உச்சியில் வைத்து 'ஆச்சு' பட்டனை அமுக்கினார். அடுத்து ரமேஷ், கிரிக்கெட். உஷா, கச்சேரி. பேத்தி, ஜோக். மாமி உட்கார்ந்து சமையலை வைத்தார், பக்கத்திலேயே நியூஜெர்ஸி வானிலையை வைத்தார். பிறகு மாமா பெயரைத் தொட்டால் பஞ்சாங்கம். மாமி பெயரைத் தொட்டால் நியூஜெர்ஸி. ஒன்று இன்னொன்றைத் தொடவில்லை. முரளி என் காலை மிதித்தான். சந்தோஷம் அவனுக்கு அப்படித்தான் வெளிப்படும்.

தாமோதரன் தேங்குழலைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். அந்த நேரத்தில் மாமி திரும்ப உட்கார்ந்து, இன்னொரு பெயரை அடித்தார். வசந்தா. திரையில் சிவப்பாக வந்தது: 'ஐந்து பேருக்கு மேல் சேர்க்க முடியாது.'

அந்த ஐந்தை வைத்தது நாங்கள்தானே!

"வசந்தா எதுக்கு? அவதான் இங்க இல்லையே" என்றார் மாமா.

"கல்யாணம் ஆன மறு மாசமே போய் ரேஷன் கார்டுல அவ பேரை எடுத்துட்டு வந்தேள். சரி, அது கவர்ன்மென்ட் ரூல். இதுல இருந்துட்டுப் போகட்டுமேன்னு பார்த்தேன். அங்கேர்ந்தே இதைத் திறக்கலாமாம், ரமேஷ் சொன்னான்." மாமி கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "பரவாயில்ல. இடம் இல்லேன்னா என்ன பண்றது."

மாமா என் பக்கம் திரும்பினார். "என் பேரை எடுத்துடுங்கோம்மா. அவ பேரைப் போடுங்கோ. நான் சுவத்துல மாட்டின காலண்டர்லயே பஞ்சாங்கம் பார்த்துக்கறேன்."

தாமோதரன் தேங்குழலைத் தட்டில் வைத்தார். "யார் பேரையும் எடுக்க வாணாம் சார்" என்றார். என்னைப் பார்த்து, "இன்னாம்மா, ஒரு வூட்ல அஞ்சு பேருதான் இருக்கணும்னு எவன் சொன்னான் உனக்கு? கட்டிக் குடுத்தா பொண்ணு வூட்டுப் பொண்ணு இல்லாம பூடுமா? எனக்கும் ரெண்டு கீது, ஒண்ணு மதுரையில, ஒண்ணு மஸ்கட்ல. எத்தினி பேர் வேணாலும் போட்டுக்கற மாதிரி பண்ணு!" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெங்களூர்காரனை நான் பாத்துக்கறேன். நீங்க நடத்துங்க."

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் முரளி விசிலடித்தான். எப்போதும் அதட்டுகிற நான் அன்று அதட்டவில்லை. சார்லஸ் சார் மூன்று பேருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தார். மறுநாளே ஐந்தை எடுத்தெறிந்துவிட்டு எத்தனை பெயர் சேர்த்தாலும் வரிசை வரிசையாக வருகிற மாதிரி மாற்றினேன். ஆவி புகுந்த புகார் அதன் பிறகு ஒன்றுகூட வரவில்லை. 'என் பக்கம்' வீட்டுக்கு வீடு பரவியது. தாமோதரன் ஊறுகாய் பாட்டில் லேபிளிலேயே அதை விளம்பரம் செய்தார். நாங்கள் மூன்றாவது அறையும் பிடித்தோம். இப்போது சொல்லுங்கள், அது எந்த ஊர் மூளை?

தீபாவளி கழிந்து ஒரு காலை, ஆபீசுக்கு போன். ருக்மிணி மாமி.

"கோமளா, வசந்தாவுக்கு ஐடியும் பாஸ்வேர்டும் போன்ல சொல்லிட்டேன். அவளும் அங்கேர்ந்து திறக்கறா" என்றார். "தினம் காலம்பற காப்பி போட்டுட்டுப் போய்த் திறப்பேனா, அவ பேர்தான் முதல்ல நிக்கறது. நாமெல்லாம் தூங்கறச்சே ஆத்துக்கு வந்துட்டுப் போயிருக்கான்னு தெரிஞ்சுடறது. மாமா இப்பல்லாம் எனக்கு முன்னாடியே எழுந்துண்டு போய், தன் பேரைத் தொடாமப் பார்த்துட்டு வரார். கடைசியா வந்தவா பேர் முதல்ல வரணும்னு இதுக்குத்தானே பண்ணினே?"

தேடாமல் தொடவேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தோம். இதை நாங்கள் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. எதிரே சார்லஸ் சார் பேப்பர் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம் மாமி, இதுக்குத்தான்" என்றேன்.